சாலு என்றால் போதும்

1

போன மாதம் நான் ஒரு பரீட்சைக்குப் போய்வந்தேன். அதற்கு முன் நான் பரீட்சை எழுதியது புத்தூர்ப் பள்ளிக்கூடத்தில், எட்டாம் வகுப்பில். பூகோளத்தில் கோட்டை விட்டேன். அன்று நான் மனப்பாடம் செய்த பூகோளத்தில் எங்கள் ஊர் சென்னை மாகாணத்தில் இருந்தது. பிறகு அது ஆந்திராவுக்குப் போய்விட்டது. எனக்கு முட்டை போட்ட வாத்தியாரை அன்றே மன்னித்துவிட்டேன்.

இப்போதைய பரீட்சை வாயால் சொல்வது. இங்கே மலேசியாவில் ஓர் அதிகாரி மலாய் மொழியில் கேட்பார், நாமும் மலாய் மொழியில் பதில் சொல்ல வேண்டும். தேறினால் குடியுரிமை. குடியுரிமை இருந்தால்தான் எங்கள் காய்கறித் தோட்டத்து லைசென்ஸ் என் பேரில் வரும். இல்லையென்றால் வருஷக் கடைசியில் நிலத்தை ஒப்படைத்துவிட வேண்டும் என்று சொல்லிவிட்டார்கள்.

தோட்டம் பெரிதல்ல. தெலுக் ஆன்சனுக்கு வெளியே, ஆற்றோரம், முக்கால் ஏக்கர். என் கணவரின் சித்தப்பா பேரில் இருந்தது. அவர் வயதான காலத்தில் கும்பகோணம் திரும்பிவிட்டார். என் கணவர் அரசாங்க ஆஸ்பத்திரியில் டிரஸ்ஸர், காயத்துக்கு மருந்து கட்டுகிறவர். அரசாங்கச் சம்பளம் வாங்குகிறவருக்கு அரசாங்க நிலம் கிடையாதாம். மிஞ்சியது நான். வந்த நாளிலிருந்து அந்த மண்ணைக் கிளறிக்கொண்டிருப்பவளும் நான்தான். அது கையைவிட்டுப் போனால் நான் இங்கே டிரஸ்ஸரின் பெண்டாட்டி, அவ்வளவுதான். காலையில் அவருக்குச் சட்டை தேய்த்துக் கொடுத்துவிட்டு மாலைவரை ஜன்னலில் நிற்க எனக்குப் பொறுமை கிடையாது.

2

ஊரிலிருந்து என் தம்பி ஒருமுறை கேட்டிருந்தான், அங்கே காய்கறி எப்படிப் போடுகிறீர்கள் என்று. நம் ஊரில் செய்வதைத் தலைகீழாகச் செய்தால் சரியாக வரும் என்று பதில் எழுதினேன். அங்கே பாத்தியைத் தாழ்த்தி வரப்பை உயர்த்துவோம், தண்ணீர் ஓடிவிடாமல் இருக்க. இங்கே பாத்தியை முழங்கால் உயரத்துக்கு ஏற்றிச் சுற்றிலும் கால்வாய் எடுக்கிறோம், தண்ணீர் ஓடிவிட. மழை பெய்யாத வாரம் அபூர்வம். ஆனால் வருஷத்தில் இரண்டு முறை மழையில்லாத காய்ச்சல் அடிக்கும். அப்போது ஆற்றிலிருந்து பம்ப் வைத்து இறைக்க வேண்டும். கத்தரி, வெண்டை, பாகல், நீளப்பயறு, கீரை. ஓரத்தில் பப்பாளி. விடிவதற்குள் பறித்து, சைக்கிளில் கட்டி, பசாருக்கு, அதாவது சந்தைக்கு, கொண்டுபோய்ப் போட்டுவிட்டு வந்தால்தான் வீட்டில் காப்பி.

பம்ப் எனக்கும் பக்கத்துத் தோட்டக்காரி ஆ லியானுக்கும் பொது. அவள் சீனத்தி, அகலத் தொப்பி, வாய் ஓயாது. எங்களுக்குள் பேச்சு பசார் மலாயில். அது ஒரு வசதியான மொழி. அதில் நேற்றும் நாளையும் ஒன்றுதான், மரியாதை கிடையாது, இருக்கிற கொஞ்சம் சொல்லை வைத்தே சண்டையும் போடலாம், சமாதானமும் ஆகலாம். அந்த மலாயோடு பரீட்சைக்குப் போனால் அதிகாரி சிரிப்பார் என்றாள் என் மகள் விமலா.

விமலாவுக்குப் பதினொரு வயது. இங்கிலீஷ் பள்ளிக்கூடம். தன் தம்பியோடு இங்கிலீஷ், தோழிகளோடு மலாய், என்னோடு பசிக்கிற அளவுக்குத் தமிழ். அந்தத் தமிழும் அவளுடைய அப்பா வீட்டுத் தமிழ். 'துன்னு' என்று நான் சொன்னால் முகத்தைச் சுளிப்பாள். அம்மா பேசுவது தமிழே இல்லை என்று அவளுக்கு யார் சொன்னார்கள் என்று நான் விசாரிக்கவில்லை. விசாரித்தால் அந்தச் சாம்பார்க் கதைக்குத்தான் போய் நிற்கும்.

நான் கல்யாணமாகி இங்கே வந்து இறங்கிய அன்று முதல் சாப்பாடு. மாமியார் சாம்பார் ஊற்றினார். போதும் என்பதற்கு நான் 'சாலு' என்றேன். அவர் காதில் அது 'சாறு' என்று விழுந்தது. அதற்குள் ரசமா என்று முணுமுணுத்துக்கொண்டே சாம்பார் மேலேயே ரசத்தை ஊற்றினார். நான் பதறிப்போய் 'சாலு, சாலு' என்றேன். அவர் இன்னும் இரண்டு கரண்டி ஊற்றினார். இலை தாங்கவில்லை, பாய் நனைந்தது. பெண்ணுக்கு ரசம் என்றால் உயிர் என்று அவர் அக்கம்பக்கத்தில் சொல்லிவைத்தார். இன்றைக்கும் விருந்துக்குப் போகும் இடங்களில் எனக்கு மட்டும் ரசம் இரண்டு தடவை வரும்.

'சாலு' தெலுங்குச் சொல். அது எனக்குத் தெரியும், என் வாய்க்குத்தான் தெரியாது.

3

எங்கள் ஊர் நகரிக்கும் புத்தூருக்கும் நடுவில். எங்கள் நைனாவுக்கு, அதாவது அப்பாவுக்கு, இரண்டு ஏக்கர் தோட்டக்கால். கிணறு மட்டும் பங்கு. பாதி எங்களுக்கு, பாதி பக்கத்து நிலத்துச் சுப்பராமுலு மாமாவுக்கு. எங்கள் வீட்டில் தமிழ், அவர் வீட்டில் தெலுங்கு, கிணற்றடியில் இரண்டும். ஒரு மொழியில் தொடங்கிய வாக்கியத்தை அதே மொழியில் முடிக்கும் வழக்கம் எங்கள் பக்கத்தில் யாருக்கும் கிடையாது. மாமா என்பது இரண்டிலும் மாமாதான் என்பதால் நான் அவரைக் கூப்பிடுவதில் சிக்கல் இல்லை.

தண்ணீர் இறைப்பது கபிலையில். இரண்டு மாடுகள் சரிவில் இறங்கினால் கயிறு இழுபட்டுக் கிணற்றிலிருந்து பெரிய இரும்புச் சால் மேலே வந்து தொட்டியில் கவிழும். அதில் ஒரு மாடு எங்களுடையது, ஒரு மாடு மாமாவுடையது. ஒருவரிடமும் ஜோடி கிடையாது. எங்கள் முறை வரும்போது மாமா மாடு ஓட்டுவார், நைனா தோட்டத்தில் மடை திருப்புவார். அவர் முறைக்கு நைனா மாடு ஓட்டுவார். கிணற்றடியிலிருந்து பார்த்தால் கடைசிப் பாத்தி தெரியாது, நடுவில் முருங்கை வரிசை. அதனால் எல்லாம் குரலில்தான். பாத்தி நிறையவில்லை என்றால் 'இன்னொரு சாலு' என்று கத்த வேண்டும். இன்னொரு வாளி என்று பொருள். நிறைந்துவிட்டால் வெறும் 'சாலு'. நிறுத்து என்று பொருள். முதலாவது தமிழ், இரண்டாவது தெலுங்கு. வெளியூர் ஆள் வந்தால் குழம்புவான். எங்களுக்குக் குழப்பம் வந்ததே இல்லை.

கத்தரியும் மிளகாயும் திருப்பதி மார்க்கெட்டுக்குப் போகும். திருச்சானூரில் ஒரு சத்திரத்துச் சமையல்காரர் எங்கள் கத்தரிக்காய்தான் வேண்டும் என்பார். கோடையில் வெள்ளரிப்பிஞ்சை அலிபிரியில் கொண்டுபோய் விற்போம். மலை ஏறுகிறவர்களுக்குத் தாகம் தாங்காது. நான் சின்னவளாக முதன்முதலில் அங்கே உட்கார்ந்தபோது ஒரு பெரியவர் கூடையைப் பார்த்து 'மூடு' என்றார். நான் கூடையை மூடிவிட்டேன். அவர் மறுபடி 'மூடு' என்றார். மூடித்தானே வைத்திருக்கிறேன் என்று நான் அழப் போனேன். அவர் தெலுங்கில் கேட்டது மூன்று பிஞ்சு என்று நைனா வந்துதான் சொன்னார்.

4

ஆந்திரம் தனி மாநிலமாகப் பிரிந்தது. எங்கள் தாலுகா எந்தப் பக்கம் என்பது தீராமல் இழுபறியாக நின்றது. இரண்டு பக்கத்து ஆட்களும் ஊர் ஊராக வந்து கூட்டம் போட்டார்கள். நைனா ஒரு கூட்டத்தில் முன்வரிசையில் உட்கார்ந்தார். மாமா இன்னொரு கூட்டத்தில் முன்வரிசையில் உட்கார்ந்தார். முதலில் இருவரும் அதை வைத்துக் கேலி பேசிக்கொண்டார்கள். உங்களுக்குத் திருப்பதியும் வேண்டுமா என்பார் மாமா, உங்களுக்கு மெட்ராஸும் வேண்டுமா என்பார் நைனா. டீக்கடையில் நாலு பேர் எதிரில் ஒருநாள் அந்தக் கேலி எங்கேயோ இடறியது. என்ன சொல் விழுந்தது என்று எனக்குத் தெரியாது. அன்றிலிருந்து நைனா ஒரு தெலுங்குச் சொல்கூடப் பேசமாட்டேன் என்றார். மாமா தனக்குத் தமிழே வராது என்றார்.

நைனாவின் பாடு பெரும்பாடாகிவிட்டது. பாதி வாக்கியத்தில் நின்றுவிடுவார், அடுத்த சொல் தெலுங்கு என்பதால். திருப்பதி மார்க்கெட்டில் வாய் திறக்காமல் விரலைக் காட்டி விலை பேசினார். ஆனால் மாடுகளைப் பிரிக்க முடியாதே. இரண்டு பேரும் பேசாமலே கபிலை ஓட்டினார்கள். தண்ணீரை நிறுத்த வேண்டிய நேரத்தில் தம்பி கிணற்றடிக்கு ஓடிப்போய்ச் சைகை காட்டுவான்.

தம்பி காய்ச்சலாகப் படுத்த அன்று எங்கள் முறை. கடைசிப் பாத்தியில் கத்தரி நாற்று; நட்டு நாலு நாள்கூட ஆகவில்லை. பாத்தி நிறைந்தது. நைனா கிணற்றுப் பக்கம் திரும்பி 'போதும்' என்று கத்தினார். சால் கவிழும் சத்தம் கேட்டது. மறுபடியும் கத்தினார். மறுபடியும் சால் கவிழ்ந்தது. மாமா தமிழ் வராது என்று சொல்லிவிட்டவர், வராதது வராததுதான். வரப்பு உடைந்தது. நாற்று ஒவ்வொன்றாகச் சாய்ந்து மிதக்க ஆரம்பித்தது. நைனா மண்வெட்டியைப் பிடித்துக்கொண்டு 'போதும், போதும்' என்று கத்திக்கொண்டே நின்றார். நடந்துபோய்ச் சொல்ல அவர் கால் வரவில்லை. அந்தக் கோடைக்கு எங்களிடம் இருந்ததெல்லாம் அந்த நாற்றுதான். எனக்கு இரண்டு பேர் மேலும் ஆத்திரமாக வந்தது.

நான்தான் முருங்கை வரிசைக்கு வந்து நின்று 'சாலு' என்று கத்தினேன்.

கபிலை நின்றது.

நைனா இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. மூன்றாம் நாள் மிளகாய் பறித்துக்கொண்டிருந்தபோது, என் முகத்தைப் பார்க்காமல் சொன்னார்.

"நாத்து பூட்ச்சின்னுதான் நென்ச்சிக்கினு இருந்தேன், பாப்பா. நீ சொன்னதுல நின்னுச்சி. என் வாய்ல அது வராது. இன்மே நீயே சொல்லு."

அதன்பிறகு எங்கள் முறைக்கு நான் கத்துவேன். மாமா முறைக்கு நைனா மாடு ஓட்டும்போது, மாமா வீட்டிலிருந்து அவர் மருமகள் வந்து 'போதும்' என்று கத்துவாள். அவளுக்கு அந்த ஒரு தமிழ்ச் சொல்லைப் புதிதாகக் கற்றுக் கொடுத்திருந்தார்கள். ரோஷத்தில் இரண்டு பேரும் ஒருவருக்கொருவர் குறைந்தவர்கள் இல்லை.

5

அடுத்த தையில் எனக்குக் கல்யாணம். இங்கே வருவதற்குப் புத்தூர் ஸ்டேஷனில் ரயில் ஏறினேன். நைனா பெட்டியை ஏற்றிவிட்டு ஜன்னல் ஓரம் நின்றார். மாமா வரமாட்டார் என்றுதான் நினைத்தேன். வண்டிக்கு மணி அடித்த பிறகு வந்தார். கையில் துணி முடிச்சு, அதில் கத்தரி விதையும் வெள்ளரி விதையும். நைனா உடனே சிக்னல் கம்பத்தைப் பார்க்க ஆரம்பித்தார்.

"எடுத்துக்கினு போ. அந்த மண்ணுல மொளைக்குதான்னு பாரு," என்றார் மாமா. "நல்லா துன்னு. ஒடம்பப் பாத்துக்கோ."

ஒரு சொல்கூடத் தெலுங்கு இல்லை. "வஸ்தானு மாமா," என்றேன். போய்வருகிறேன் என்பதை அவர் பாஷையில். நைனாவுக்குக் கேட்டிருக்கும். அவர் சிக்னல் கம்பத்தைவிட்டுக் கண்ணை எடுக்கவில்லை.

பிறகு எல்லை முடிவானது. திருத்தணி மெட்ராஸ் பக்கம் போயிற்று, நாங்கள் ஆந்திரப் பக்கம் நின்றோம். தம்பி எழுதியிருந்தான். கூடவே இன்னொன்றும் எழுதியிருந்தான்: கிணற்றுக்கு ஆயில் எஞ்சின் வந்துவிட்டதாம். இரண்டு வீட்டுக்கும் பங்கு. எஞ்சினை நிறுத்த யாரும் யாரையும் கூப்பிட வேண்டியதில்லை, போய் அணைத்தால் சரி. ஆகவே பெரியவர்கள் இருவரும் பேசாமலே காலத்தை ஓட்டுகிறார்கள். ஒருவர் வீட்டு விசேஷத்துக்கு மற்றவர் தவறாமல் போய் வாயைத் திறக்காமல் சாப்பிட்டுவிட்டு வருகிறாராம்.

மாமா கொடுத்த கத்தரி இங்கே முளைத்தது. வெள்ளரி அழுகிவிட்டது.

6

குடியுரிமை விண்ணப்பம் ஒருமுறை திரும்பி வந்தது. என் பழைய பாஸ்போர்ட்டில் பிறந்த இடம் மெட்ராஸ் ஸ்டேட். தம்பி வாங்கி அனுப்பிய சான்றிதழில் ஆந்திரப் பிரதேசம், அதுவும் தெலுங்கில். கவுண்டரில் இருந்த குமாஸ்தா எந்த வருஷம் குடிமாறினீர்கள் என்று கேட்டார். நாங்கள் மாறவில்லை என்றேன். அப்படியானால் யார் மாறியது என்றார். கவர்மெண்ட் என்றேன். கேலி செய்கிறேன் என்று நினைத்துக் காகிதங்களைத் தள்ளிவிட்டார். பாகான் டத்தோ பக்கத்தில் எஸ்டேட்டில் இருந்த ஒரு தெலுங்கு வாத்தியாரைத் தேடிப்பிடித்து, சான்றிதழை மொழிபெயர்க்கச் சொல்லி, இரண்டு இடமும் ஒரே இடம்தான் என்று எழுதி வாங்கிக் கொடுத்த பிறகுதான் பரீட்சைக்குக் கூப்பிட்டார்கள்.

விமலா எனக்குப் பாடம் நடத்தினாள். கண்டிப்பான வாத்தியார். போதும் என்பதற்குச் 'சுக்குப்' என்று சொல்ல வேண்டும் என்று பத்துத் தரமாவது சொல்லியிருப்பாள். அடுப்பில் இருக்கும்போதும் சுக்குப், துணி துவைக்கும்போதும் சுக்குப். எனக்குச் சுக்குக் காப்பிதான் ஞாபகம் வந்தது. பரீட்சை அன்று என்னோடு பஸ்ஸில் வந்தவள், வாசல் பெஞ்சில் உட்கார்ந்து கடைசியாக ஒரு எச்சரிக்கை கொடுத்தாள். உங்க ஊர் வார்த்தை எதுவும் சொல்லிடாதீங்கம்மா என்றாள்.

அதிகாரி கண்ணாடி போட்ட இளைஞர். பேர் கேட்டார், பிள்ளைகள் எத்தனை என்று கேட்டார். சொன்னேன். என்ன வேலை என்றார். காய்கறித் தோட்டம் என்று சொல்லிக் காய்களின் பேரை எல்லாம் வரிசையாக ஒப்பித்தேன். அவர் முகம் தெளிந்தது. அவருடைய அம்மாவும் வீட்டுப் பின்னால் பயிர் போடுகிறாராம். ஆற்றிலிருந்து பாத்திக்குத் தண்ணீர் எப்படிப் போகிறது, சொல்லுங்கள் என்றார்.

இது விமலாவின் பாடத்தில் இல்லாத கேள்வி. பம்ப் ஓடும், தண்ணீர் வரும், பாத்தி நிறையும் என்பதுவரை மலாயில் ஒழுங்காக வந்தது. அப்போது நான் சொல்வேன் என்று ஆரம்பித்தேன். அந்தச் சொல் போய்விட்டது. நாக்கில் வெறும் காப்பி வாசனை. தோட்டம் போயிற்று என்று நினைத்தேன். கண்ணுக்கு முன்னால் தண்ணீர் மட்டும் ஏறிக்கொண்டே இருந்தது. கை தானாக உயர்ந்தது.

"சாலு," என்றேன்.

அதிகாரி நிமிர்ந்து பார்த்தார். நான் கையை இறக்கிக்கொண்டேன்.

"சாலூர்," என்று திருத்தினார். பிறகு தலையை ஆட்டினார். "பெத்துல்." சரி என்று பொருள். ஏதோ எழுதினார். எழுந்து கை கொடுத்தார். தேறிவிட்டேன் என்று புரிய எனக்குக் கொஞ்ச நேரமாயிற்று.

வரும் வழியில் விமலாவிடம் சாலூர் என்றால் என்ன என்று கேட்டேன். வாய்க்கால் என்றாள். தண்ணீர் வாய்க்கால் வழியாகப் போகிறது என்று நான் சொன்னதாக அந்த நல்ல மனிதர் எடுத்துக்கொண்டிருக்கிறார். ஏன் கேட்கறீங்க என்றாள். சும்மாதான் என்றேன். எதைச் சொல்லித் தேறினேன் என்று அவளிடம் சொல்லவில்லை.

7

லைசென்ஸ் போன வாரம் கைக்கு வந்தது. என் பேரும் ஊர்ப் பேரும் தப்பில்லாமல் இருக்கின்றன. இது ஒரு காய்ச்சல் காலம், மழை இல்லை. அன்று மாலை ஆ லியான் மார்க்கெட்டுக்குப் போயிருந்ததால் பம்புக்கு விமலாவை நிறுத்தினேன். பம்ப் ஆற்றுக் கரையில், நான் கடைசிப் பாத்தியில், நடுவில் பப்பாளி மரங்கள். மாமா கொடுத்த விதையின் வழிவந்த கத்தரிதான் அந்தப் பாத்தியில், புது நாற்று.

பாத்தி நிறைந்தது. இனி நான் இந்த நாட்டுக்காரி, முறையாகவே சொல்லிப் பார்ப்போம் என்று தோன்றியது. 'சுக்குப்' என்று கத்தினேன். பம்ப் ஓடிக்கொண்டிருந்தது. மறுபடி கத்தினேன். தண்ணீர் விளிம்பைத் தொட்டது. அவள் அப்பா வீட்டுத் தமிழிலும் கத்தினேன், 'போதும்' என்று. ஓரத்து நாற்று இரண்டு சாய்ந்தன. மண்வெட்டியைப் பிடித்துக்கொண்டு நான் நின்ற நிலை எனக்கே தெரிந்த நிலையாக இருந்தது. நைனாவின் ஞாபகம் வந்தது. அன்று அவர் மேல் ஆத்திரப்பட்டேன். அவர் எவ்வளவு தனியாக நின்றிருப்பார் என்று இன்றைக்குத்தான் தெரிந்தது.

மார்க்கெட்டிலிருந்து ஆ லியான் வந்துவிட்டாள், சுக்குப் என்றது அவளோடு பேச்சு, போதும் என்றது தன் தம்பிக்குத் திட்டு என்று விமலா நினைத்தாளாம். அதைப் பிற்பாடுதான் சொன்னாள். அப்போது மரங்களுக்கு நடுவில் அவள் தலை தெரிந்தது. இரண்டு கையையும் வாயருகே குவித்துக்கொண்டு கத்தினாள்.

"சாலாம்மா?"

போதுமா என்று கேட்கிறாள். தெலுங்கில் கேட்கிறோம் என்று அவளுக்குத் தெரியாது. அவளைப் பொறுத்தவரை அது தோட்டத்துச் சொல், பம்பை நிறுத்துகிற சொல். நான் ஆ லியானுக்குக் கத்துவதைக் கேட்டுப் பிடித்துக்கொண்டிருக்கிறாள், கற்றுக் கொடுத்ததே இல்லை. எனக்குக் கண் நிறைந்துவிட்டது. அதற்குள் இன்னும் ஒரு நாற்று சாய்ந்தது.

"சாலு," என்றேன்.

பம்ப் நின்றது.